பின் டிக்கியில் புளித்த மா

ஏழாம் அத்தியாயம்

காரை விற்கிறவன் பொய் சொல்லுவான். அது ஊர் உலகம் அறிந்த சங்கதி. இருக்கிற குறையைத் தானாகவே எழுதிப் போட்டு விற்க வருகிற ஆளைக் கண்டால்தான் றெபேக்காவுக்கு நெற்றி சுருங்கும்.

அந்தப் புதன்கிழமை காலையும் அப்படித்தான் சுருங்கியது. பலேர்மோ நகரத்தில் பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்தெருவில், பொத்தான் கடைக்கு மேல்மாடியில் அவளுடைய ஒற்றை அறைக் கந்தோர். தொலைந்த கடதாசியையும் தொலைந்த ஆட்களையும் தேடிக் கொடுப்பது அவளுக்குத் தொழில். இடையிடையே வக்கீல்மாருக்கு மொழிபெயர்ப்பு. கைபேசியைத் தூக்கி மாமன் மகன் றொஜரின் மூக்குக்குக் கீழே நீட்டினாள். றொஜர் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவன், நாற்பத்தொரு வயது, வேலை இல்லாத நாட்களில் அவளுக்கு உதவியாள். சம்பளம் கிடையாது. வாய்க்கு மட்டும் குறைவில்லை.

திரையில் ஒரு கார் விளம்பரம். எண்பத்தாறாம் ஆண்டு, தூரினில் செய்தது, வெளிறிய நீலம், இரண்டே இரண்டு இருக்கை, ஆப்பு மாதிரிக் கூரான மூக்கு. என்ஜின் நடுவில். திறப்பைப் போட்டதும் ஓடும். பின் டிக்கியில் ஒரு கறையும் புளித்த மணமும் உண்டு, கழுவியும் போகவில்லை, அதற்காக விலையைக் குறைத்திருக்கிறேன் என்று விற்கிறவன் எழுதியிருந்தான்.

றொஜருக்குக் கண் கலங்காத குறை. இந்த மாதிரிக் கார் ஒன்றை வாங்கவேண்டுமென்று அவன் பலேர்மோவுக்கு வந்த நாளிலிருந்து புலம்புகிறான்.

"மச்சாள், இந்த விலைக்கெண்டால் நான் மணத்தோடையே எடுப்பன். கொண்டெய்னருக்குள்ளை பழுதாப்போன மீனோடை பதினைஞ்சு வருசம் சீவிக்கிறன்."

"காரை விட்டிட்டு விலாசத்தைப் பாரும்," என்றாள் றெபேக்கா.

பார்த்தான். பகேரியா. அந்த மாளிகை. றொஜரின் வாய் அப்படியே நின்றது.

அவர்கள் கையில் இருந்த வழக்கு இதுதான். பகேரியாவில் ஒரு பழைய மாளிகையின் கீழ்த்தளத்தில் இருந்தவர் ஃபெர்ராந்தே, ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர், எண்பத்தொரு வயது. ஊரே அவரைத் தொத்தோரே, அதாவது டாக்டர் ஐயா, என்றுதான் கூப்பிடும். வீட்டோடு தங்கி அவரைப் பார்த்துவந்தவர் யாழ்ப்பாணத்துக் குணரத்தினம். பெப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, வீட்டிலிருந்து மூன்று கிலோமீற்றர் தள்ளி, அஸ்ப்ரா கடற்கரைப் பாறைகளுக்கு நடுவில் தொத்தோரே செத்துக் கிடந்தார். பிடிக்க ஆள் இல்லாமல் கக்கூசுக்கே போகமுடியாத மனிதர். யாரோ கொண்டுபோய்த் தள்ளியிருக்கவேண்டும், சக்கர நாற்காலியில் வைத்து உருட்டிக்கொண்டு போயிருக்கவேண்டும் என்று பொலிஸ் முடிவு கட்டியது. வீட்டில் இருந்த ஒரே ஆள் குணரத்தினம். பிடித்து உள்ளே போட்டார்கள்.

வியாழக்கிழமை மத்தியானத்தோடு இத்தாலி முழுக்க வீட்டு வேலைக்காரர் எல்லாருக்கும் அரைநாள் விடுமுறை. தானும் இரண்டு மணி ரயிலில் பலேர்மோவுக்குப் போய், எட்டரை மட்டும் மனைவி நாகபூசணியோடு இருந்துவிட்டு, ஒன்பது மணிக்குத் திரும்பியபோது வீடு வெறுமையாகக் கிடந்தது என்று குணரத்தினம் சொன்னார். நாகபூசணியும் அதையே சொன்னாள். பெண்சாதி சொல்லுவதை எந்த நீதிபதி காதில் போடுவார்? ரயிலில் அவரைக் கண்ட ஆட்களைத் தேடித் தாருங்கோ என்று மூன்று கிழமைக்கு முன் அவள் றெபேக்காவிடம் வந்து அழுதாள். ஒரு குஞ்சும் காணவில்லை. நாளைக்குக் காலை ஒன்பது மணிக்கு விசாரணை. புதிதாக ஒன்றும் கிடைக்காவிட்டால் கொலை வழக்குத்தான், ஆளை வெளியில் விடவே மாட்டார்கள்.

கார் கதைக்கு வருவோம். அது இரண்டு வருடமாக அசையவில்லை என்று தொத்தோரேயின் மருமகன் பொலிசுக்குச் சொல்லியிருந்தான். குணரத்தினமும் அதே மாதிரி, அந்தக் கார் ஓடாது என்றார். வக்கீலுக்காக அதை இத்தாலியனில் மாற்றிச் சொன்னதே றெபேக்காதான். இரண்டு வாயும் ஒன்றைச் சொன்னதால் பொலிஸ் காரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"செத்த கார் எப்பிடித் திறப்பைப் போட்டதும் ஓடுது?" என்று கேட்டுக்கொண்டே றெபேக்கா கோட்டை மாட்டினாள்.

பகேரியாவுக்கு ரயிலில் கால்மணித்தியாலம். வழி முழுக்க றொஜர், கொலைகாரன் மருமகன்தான் என்று பந்தயம் கட்டினான். மாளிகை அவனுக்குத்தானே வரப்போகிறது, பழியைத் தூக்கிப் போட ஒரு தமிழன் கையோடு இருந்தான், வேறென்ன வேண்டும்?

மருமகனின் பெயர் கொர்ராதோ. கராஜ் கதவை ஒரு பக்கத்தால் தூக்கித் திறந்துவிட்டு நொண்டி நொண்டி வந்தான். வாங்க வருகிறவர்களுக்காகக் காரை முன்னமே ஸ்டார்ட் பண்ணி ஓடவிட்டிருந்தான். மாமா இரண்டு வருடமாக அதைத் தொடவில்லை என்றுதான் தானும் நம்பியிருந்ததாகவும், வீட்டைக் காலிபண்ண வந்து திறப்பைப் போட்டபோது ஒரே முறுக்கில் ஓடியதாகவும், தனக்கே ஆச்சரியம் என்றும் சொன்னான். முகத்தில் களவு தெரியவில்லை. அதுவே றொஜருக்கு எரிச்சலாக இருந்தது.

றெபேக்கா முன்மூடியைத் தூக்கிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தாள். அங்கே என்ஜினும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

"களவு போகேல்லை, பயப்பிடாதையுங்கோ," என்றான் றொஜர். "இதிலை என்ஜின் சீற்றுக்கு முதுகுப் பக்கம். அதுக்கும் பின்னாலை இன்னொரு டிக்கி. முன்னுக்கொண்டு, பின்னுக்கொண்டு. பெண்சாதியின்ரை சாமானுக்கு ஒண்டு, மாமியின்ரை சாமானுக்கு ஒண்டு."

பின் டிக்கியைத் திறந்தார்கள். சூட்டோடு மணம் முகத்தில் அடித்தது. என்ஜின் ஒரு தகட்டுக்கு அந்தப் பக்கம்தான். கை வைத்தால் அடித்தளம் இதமாகச் சுட்டது. கொர்ராதோ மூக்கைப் பொத்திக்கொண்டு, பால் ஊற்றுப்பட்டதோ பசை ஊற்றுப்பட்டதோ தெரியாது, மூன்று தரம் தேய்த்தேன் என்று மன்னிப்புக் கேட்டான். என்ஜின் பக்கத்துத் தகட்டில், துணி எட்டாத இடுக்கில், அரை விரல் தடிப்பில் மஞ்சள் பாரித்த பொருக்கு ஒன்று காய்ந்து ஒட்டியிருந்தது. அதே மஞ்சள் இடப்பக்கச் சுவரில் முழங்கை உயரத்துக்குத் தெறித்துக் கிடந்தது.

றெபேக்கா நகத்தால் ஒரு துண்டைப் பெயர்த்து மணந்தாள். பிறகு றொஜரிடம் நீட்டினாள். உழுந்து, வெந்தயம், மஞ்சள். எந்த வீட்டுக் குசினியில் மணந்தாலும் அவனுக்குத் தெரிகிற மணம்.

"தோசை மா," என்றான் றொஜர்.

"ஓம். இந்த மாளிகையின்ரை நிலமெல்லாம் மாபிள் கல்லு. பெப்ரவரியிலை மா பொங்காது. பொங்க வைக்க இதைவிடச் சூடான இடம் இந்த வீட்டிலை இல்லை. காரை ஒருக்கால் ஓடிப்போட்டு வாளியை இதுக்குள்ளை வைச்சால் விடிய மா தயார்."

அப்படியானால் கார் ஓடியிருக்கிறது. குணரத்தினம் அதை மறைத்ததற்குக் காரணம் கண்டுபிடிக்க இரண்டு பேருக்கும் ஒரு நிமிடம் போதும். அவரிடம் இத்தாலி ஓட்டுநர் பத்திரம் இல்லை. இல்லாமல் ஓட்டினேன் என்று பொலிசில் ஒப்புக்கொண்டால் பெர்மெஸ்ஸோவை, அதுதான் இந்த நாட்டில் இருக்கிற உரிமைக் கடதாசியை, புதுப்பிக்கப் போகும்போது குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமைக் கந்தோரில் அது தலைக்கு மேலே நிற்கும் என்று எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் பயம். ஆனபடியால் கார் ஓடாது என்று சொல்லிவிட்டார். மடைத்தனம்தான், ஆனால் விளங்கக்கூடிய மடைத்தனம்.

றொஜர் துள்ளாத குறையாகக் கதைத்தான். மா சுவரில் தெறித்திருக்கிறது என்றால் வாளி உள்ளே இருக்கும்போது யாரோ காரை வளைவுகளில் அடித்து ஓட்டியிருக்கிறான். தன் கையால் அரைத்த மாவை டிக்கியில் வைத்துக்கொண்டு எந்தத் தமிழன் அப்படி ஓடுவான்? ஓட்டினவனுக்கு வாளி இருந்ததே தெரியாது. ஆகவே ஓட்டினவன் குணரத்தினம் இல்லை. அதைச் சொல்லிவிட்டு அவன் கொர்ராதோவைப் பொலிஸ்காரன் பார்ப்பது போலப் பார்த்தான்.

றெபேக்கா கொர்ராதோவிடம் காலுக்கு என்ன நடந்தது என்று அன்பாகக் கேட்டாள். ஜனவரியில் பந்து விளையாடப் போய் முறிந்ததாம். போன கிழமைதான் மாவுக்கட்டை வெட்டினார்களாம். மாமாவின் சவ அடக்கத்துக்கே இரண்டு ஊன்றுகட்டையில்தான் போனேன் என்றான். மூன்று மிதி உள்ள காரை ஒற்றைக் காலால் ஓட்ட முடியாது. றொஜரின் பந்தயம் கராஜிலேயே கவிழ்ந்தது.

திரும்பி வருகிற ரயிலில் அவன், சரி, மருமகன் இல்லாவிட்டால் இன்னொருத்தன், எங்களுக்கென்ன, குணரத்தினம் அண்ணை வெளியில் வந்தால் போதும் என்று தேற்றிக்கொண்டான். மா எந்த நாளில் ஊற்றுப்பட்டது என்று தெரியாமல் நீதிபதிக்கு முன்னால் வாய் திறக்கமுடியாது என்றாள் றெபேக்கா. போன வருடத்து மா என்று அரசாங்க வக்கீல் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவான்.

அந்த நாளைக் கண்டுபிடிக்க ஒரு இடம் இருந்தது. ஒடுங்கிய சந்து ஒன்றில் வாடகை மண்டபத்தில் நடக்கிற பிள்ளையார் கோயில். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்து வருகிற சனத்துக்கு ஒவ்வொரு கிழமையும் ஒரு குடும்பம் சாப்பாடு கொண்டுவரும். பாதிப் பேர் வேலை முடிந்த கையோடு வெறும் வயிற்றில் வந்து நிற்பார்கள். முறை வைத்து எழுதிய கொப்பி குகனேஸ்வரியிடம் இருக்கும். மன்னார்க் கத்தோலிக்கரான இவர்கள் இரண்டு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனபோது குகனேஸ்வரி நிலத்தில் இருந்து குத்துவிளக்குத் துலக்கிக்கொண்டிருந்தாள். வேளாங்கண்ணி மாதா எங்களை மன்னிப்பாவா என்று றொஜர் மெல்லக் கேட்டதற்கு, பலேர்மோவில் சைவச் சனமும் மலை ஏறிச் சாந்தா றொசலியா என்கிற புனிதையிடம் போகிற மாதிரித்தான் தம்பி இதுவும், இரும் என்றாள் குகனேஸ்வரி.

கொப்பியைப் பார்க்கவே தேவைப்படவில்லை. தொத்தோரே செத்துக் கிடந்த அந்த வெள்ளிக்கிழமை குணரத்தினம் வீட்டு முறைதான். அவர்களுடைய தோசைக்குக் கோயிலில் பெரிய பெயர். மாரி காலத்திலும் அவர் அரைத்த மா பஞ்சு மாதிரிப் பொங்கும், என்ன மாயமோ என்று எல்லாரும் கேட்பார்களாம். ஆனால் அன்றைக்குத் தோசை வரவில்லை. குகனேஸ்வரிதான் ஓடியோடிப் புட்டு அவித்தாள்.

றொஜர் மடியில் கையால் தட்டினான். நாள் பொருந்திவிட்டது. புதன் இரவு அரைத்த மா, வியாழன் ஊற்றுப்பட்டிருக்கிறது. றெபேக்காவைப் பார்த்துச் சிரிக்கத் திரும்பினான். அவள் சிரிக்கவில்லை.

"தோசை வராதெண்டு உங்களுக்கு எப்ப தெரியும் அக்கா?" என்று அவள் குகனேஸ்வரியைக் கேட்டாள்.

"முதல் நாளே தெரியும் பிள்ளை. நாகபூசணி வியாழக்கிழமை பின்னேரம் ஆறரைக்கு எனக்கு போன் அடிச்சவா. நான் விளக்குக் கொளுத்திக்கொண்டு நிண்டனான். மா முழுக்க ஊத்துப்பட்டுப் போச்சக்கா, வேறை ஏதும் பாருங்கோ எண்டவா. குரல் ஒரு மாதிரித்தான் இருந்தது. தோசைக்கு ஏன் இப்பிடி அழுகிறா எண்டு நினைச்சன்."

சந்துக்கு வந்ததும் றொஜர் சுவரோடு சாய்ந்து நின்றான். அவன் மரமண்டை இல்லை. மா இருந்தது பகேரியாவில், காரின் டிக்கியில். குணரத்தினம் எட்டரை மட்டும் பலேர்மோவில் பெண்சாதிக்குப் பக்கத்தில் இருந்தார் என்றால், ஆறரைக்கு மா ஊற்றுப்பட்ட கதை அவளுக்கு எப்படித் தெரியும்? டிக்கியைத் திறந்து பார்த்த ஒருவர்தான் சொல்லியிருக்கவேண்டும். அந்த ஒருவருக்கு அவளுடைய இலக்கம் தெரிந்திருக்கவேண்டும்.

"மச்சாள், இதை இப்பிடியே விடுவமே," என்றான். "நாளைக்கு மாக் கதையை மட்டும் சொல்லுவம். போன் கதை ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

நாகபூசணி பின்னேரங்களில் பொலிதேயாமாப் பக்கத்து ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றின் படிகளைக் கழுவுகிறவள். மேலிருந்து கீழே கழுவிக்கொண்டு வருவாள். அவர்கள் ஏறிப் போனபோது மூன்றாம் மாடியில் நின்றாள். இவர்களைக் கண்டதும், ரயிலில் கண்ட ஆள் கிடைத்துவிட்டாரோ என்று ஆவலாகக் கேட்டாள். றொஜரால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.

றெபேக்கா ஈரமில்லாத படி ஒன்றில் இருந்தாள். சுற்றி வளைக்கவில்லை. காரைப் பார்த்ததையும், குகனேஸ்வரியைப் பார்த்ததையும் சொன்னாள். ஆறரை மணி என்று சொன்னபோது நாகபூசணியின் கை தும்புத்தடியை விட்டது. அது படியில் தட்டித் தட்டிக் கீழே போய் விழுந்தது.

பிறகு சொன்னாள். புதன் இரவு டிக்கியில் வைத்த மா குளிருக்கு வியாழன் இரண்டு மணியாகியும் பொங்கவில்லை. அதை விட்டுவிட்டுப் பலேர்மோவுக்கு வந்த குணரத்தினம், நாலு மணிக்கு அதை எடுத்துவர மறுபடி பகேரியாவுக்குப் போனார். போனால் தொத்தோரே யன்னலோடு இருந்து, சூரியன் படுகிறதற்குள் ஒருக்கால் கடலைப் பார்க்கவேண்டும் என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதாராம். நாலு மாதமாக அந்த அறைக்குள்ளேயே கிடந்த மனிதர். அதற்கு முன்னம் இரண்டு மூன்று தரம் குணரத்தினம் அந்தக் காரில் அவரை ஏற்றிப்போய்க் கோப்பி வாங்கிக் கொடுத்திருக்கிறார். பத்து நிமிட ஓட்டம்தானே என்று கூட்டிக்கொண்டு போனார். பாறையில் நின்றபோது காற்று கிழவரின் தொப்பியைத் தூக்கியது. அதைப் பிடிக்கப் போன குணரத்தினம் கிழவரின் கையை விட்டார். விழுந்தது இரண்டு ஆள் உயரம். குணரத்தினம் இறங்கிப் பார்த்தபோது தலையில் இரத்தம், ஆனால் மூச்சு இருந்தது. அங்கே நின்றுதான் பெண்சாதிக்குப் போன் அடித்தார்.

"ஆம்புலன்ஸுக்கு அடிக்கட்டோ எண்டு கேட்டவர்," என்றாள் நாகபூசணி. "நான்தான் வேண்டாமெண்டன். லைசென்ஸ் இல்லாமல் ஓடினதெண்டு பிடிச்சா பெர்மெஸ்ஸோ போயிடும், பிள்ளையின்ரை படிப்புப் போயிடும், காரைக் கொண்டுபோய் விட்டிட்டு ஒண்டும் தெரியாத மாதிரி இருங்கோ எண்டன். நான் சொன்னதைத்தான் அந்த மனிசன் செய்தது. கராஜிலை நிண்டு திருப்பி அடிச்சவர். பயத்திலை ஓடின ஓட்டத்திலை மாவும் எல்லாம் ஊத்துப்பட்டுப் போச்சு எண்டு சொல்லி அழுதவர்."

"அதுக்குப் பிறகு?"

"நாளைக்குக் கோயிலிலை சனம் பசியோடை நிக்குமெண்டு குகனேஸ்வரி அக்காவுக்கு அடிச்சன்."

ஒரு கிழவனைப் பாறையில் விட்டுவிட்டு அடுத்த நாள் சாப்பாட்டுக்குப் போன் பண்ணுகிற மனது என்ன மனது என்று றொஜருக்குக் கத்தவேண்டும் போல இருந்தது. ஆனால் அவளைப் பார்க்கக் கோபம் நிற்கவில்லை. அவளுடைய இடத்தில் தன் பெண்சாதி நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். தான் என்ன செய்திருப்பான் என்றும் தெரியும். அதுதான் அவனைப் போட்டு வதைத்தது.

றெபேக்கா எழும்பி நாகபூசணிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். குணரத்தினம் தன்னைக் காப்பாற்ற வாய் மூடி இருக்கவில்லை, உங்களைக் காப்பாற்றத்தான் இருக்கிறார் என்றாள். நடந்ததைச் சொன்னால் கொலை இல்லை என்று ஆகும். விட்டுவிட்டு வந்த குற்றம் நிற்கும். அப்படிச் சொன்னால் யார் விடச் சொன்னது என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி வரக்கூடாது என்பதற்காக அவர் ஆயுள் முழுக்க உள்ளே இருக்கத் தயாராக இருக்கிறார்.

நாகபூசணி கையுறையைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள். கொலை என்று எழுதுவார்கள் என்று தான் கனவிலும் நினைக்கவில்லை, கிழவர் தானாகத் தவறி விழுந்ததென்று விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன் என்றாள். பிறகு தணிந்த குரலில் கேட்டாள்.

"விழுந்து கொஞ்ச நேரத்திலையே கிழவருக்கு முடிஞ்சிருக்கும், என்ன தங்கச்சி?"

வைத்தியரின் அறிக்கை றெபேக்காவின் பையில்தான் இருந்தது. குணரத்தினத்துக்குக் காட்டவென்று வக்கீல் கேட்க, அதை வரி வரியாகத் தமிழில் மாற்றியவள் அவள். அதில் என்ன இருக்கிறதென்று றொஜருக்கும் சொல்லியிருந்தாள். ஓம் என்று சொல்லு, ஒரே ஒரு ஓம் என்று றொஜர் மனதுக்குள் கும்பிட்டான்.

"இல்லை அக்கா," என்றாள் றெபேக்கா. "விடியப்புறம் நாலு மணி மட்டும் உயிர் இருந்திருக்கு."

மேல்மாடியில் யாரோ கதவைப் பூட்டிக்கொண்டு இறங்கி வந்தார்கள். ஒரு சிஞ்ஞோரா, இத்தாலிக்கார அம்மா. ஈரப் படியைப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து, மூன்று பேருக்கும் மாலை வணக்கம் சொல்லிவிட்டுக் கீழே போனாள். நாகபூசணியும் இத்தாலியனில் மரியாதையாகப் பதில் சொன்னாள். காலடிச் சத்தம் கீழே அடங்கியது.

"அப்ப ஆம்புலன்ஸுக்கு அடிச்சிருந்தால் வந்திருப்பினம்," என்றாள் நாகபூசணி.

"ஓம்."

அவள் கீழே இறங்கிப் போய்த் தும்புத்தடியை எடுத்துக்கொண்டு வந்தாள். வாளித் தண்ணீரில் தோய்த்துப் பிழிந்தாள்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கெல்லோ. நான் வாறன். நான் சொல்லச் சொல்ல நீர் இத்தாலியனிலை சொல்லும். ஒரு சொல்லும் குறைக்க வேண்டாம்," என்றாள். "இப்ப கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. இன்னும் ரெண்டு மாடி கிடக்கு."